கிராங்க் பின் சீல்: கழற்றுவதும், அது உட்காரும் இடத்தைத் துடைப்பதும் – முழுமையான வழிகாட்டி

மாருதி ஆம்னியை இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுக்கும்போது, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஆயில் சொட்டியிருந்தால், பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது "பின் சீல் போயிடுச்சு" என்பதுதான். இன்ஜினின் சுழலும் ஷாஃப்டான கிராங்க், பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் இந்தப் பின் சீல். பல நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். சீலின் விலை பெரிதில்லை. ஆனால் அதைத் தொட கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் மூன்றும் இறங்க வேண்டும். ஒருநாள் வேலை. அதே சீலை இரண்டு மாதத்தில் மறுபடி மாற்ற நேர்ந்தால் அந்த ஒருநாள் வேலை முழுவதும் திரும்ப வரும்.

எனக்கு அப்படி வந்திருக்கிறது. வேலை கற்ற புதிதில், காய்கறி ஏற்றும் ஓர் ஆம்னிக்குப் பின் சீல் மாற்றினேன். இருபத்தைந்தே நாளில் வண்டி திரும்பி வந்தது. கடைக்காரர் கொடுத்த சீல் போலி என்று நினைத்து, வேறு கடையில் வாங்கி மாட்டினேன். மறுபடி கசிந்தது. மூன்றாம் முறை கழற்றியபோது என் ஆசிரியர் வந்து கிராங்க் மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினார். கடிகாரத்தில் ஐந்து மணி இருக்கும் இடத்தில் நகம் 'டிக்' என்று நின்றது. முதல் முறை பழைய சீலை நெம்ப நான் உள்ளே விட்ட ஸ்க்ரூடிரைவரின் கீறல். நீளம் ஒரு அரிசிகூட இருக்காது. ஷாஃப்டின் நீளவாக்கில் ஓடியிருந்தது. ஆயிலுக்கு அந்த ஒரு வாய்க்கால் போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது சீலில் அல்ல, சீல் உட்காரும் முகங்களில். இந்தக் கட்டுரையும் அந்த அளவிலேயே போகும்.

சீல் எப்படி ஆயிலைப் பிடித்து வைக்கிறது

இது தெரிந்தால்தான் எதை ஏன் செய்கிறோம் என்பது விளங்கும். இன்றைய சீல், இரும்பு வளையத்தின் மேல் ரப்பர் வார்த்து, உள்பக்கம் மெல்லிய உதடு விட்டு, அந்த உதட்டைச் சுற்றி ஒரு சின்ன சுருள் ஸ்பிரிங் போட்ட பொருள். உதடு ஷாஃப்டைத் தொடும் இடம் ஒரு கோடு மாதிரிதான். புது சீலில் அதன் அகலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான் இருக்கும். அந்தக் கோட்டுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மிக மெல்லிய ஆயில் படலம் இருந்துகொண்டே இருக்க வேண்டும். படலம் இல்லையென்றால் உதடு கருகிவிடும். தடித்துவிட்டால் கசியும். உதட்டின் இரண்டு பக்கச் சரிவும் ஒன்றுபோல் இருக்காது. ஆயில் பக்கம் செங்குத்தாகவும் காற்றுப் பக்கம் படுத்தாற்போலும் இருக்கும். இந்த வித்தியாசத்தால், ஷாஃப்ட் சுற்றும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உதடே மெல்ல உள்ளே தள்ளிக்கொண்டிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சீல் உட்காரும் இடத்தின் விட்டம் 70 மில்லிமீட்டர், இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால், உதட்டின் கீழே இரும்பு வினாடிக்கு சுமார் 11 மீட்டர் ஓடுகிறது. ஏறக்குறைய மணிக்கு 40 கிலோமீட்டர். அந்த ஓட்டத்தில் ஒரு மணல் துகள், ஒரு கீறல், ஒரு துரு முள் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதனால்தான் சீல் செய்பவர்கள் ஷாஃப்டின் வழவழப்பை 0.2 முதல் 0.8 மைக்ரான் சராசரிக்குள் கேட்கிறார்கள். கண்ணாடிபோல் வழுக்கினாலும் ஆகாது. ஆயில் நிற்க இடம் இருக்காது. தீட்டிய கோடுகள் எல்லாம் சுற்றுவட்டத்தில்தான் இருக்க வேண்டும். திருகுபோல் சாய்ந்து ஓடினால், ஷாஃப்டே ஆயிலை இறைக்கும் பம்ப் ஆகிவிடும்.

கசிவது பின் சீல்தானா?

கியர் பாக்ஸை இறக்கும் முன் இதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். பெல் ஹவுசிங்கின் (கிளட்சை மூடியிருக்கும் மணி வடிவக் கூடு) அடியில் வரும் ஆயில் பல இடத்திலிருந்து வரலாம். இன்ஜினின் மேல் மூடியான டேப்பெட் கவரின் கேஸ்கெட் பின் மூலையில் கசிந்தால், ஆயில் பிளாக்கின் பின்முகத்தில் வழிந்து அதே இடத்தில் சொட்டும். ஆயில் பிரஷர் சுவிட்ச் கசியலாம். இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டான சம்ப்பின் பின் ஓரம் கசியலாம். பிளாக்கின் பின்னால் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் பிளக் கசியலாம். சில இன்ஜின்களில் ஃப்ளைவீல் போல்ட் ஓட்டை, கிராங்க் சுழலும் அறையான கிராங்க் கேஸ் வரைக்கும் திறந்திருக்கும். அங்கே போல்ட் மரை வழியே ஏறி வரும் ஆயிலை அச்சு அசல் சீல் கசிவு என்றே நம்பிவிடுவோம். இன்னொன்று, கியர் பாக்ஸின் முன் சீல். விரலில் தொட்டு முகர்ந்தால் தெரிந்துவிடும். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. இன்ஜின் ஆயில் அப்படி நாறாது, கறுத்திருக்கும்.

சந்தேகம் தீர எளிய வழி: பின்பக்கம் முழுவதும் டீசல் அடித்துக் கழுவி, காயவைத்து, முகப்பவுடரைத் தூவி விடுங்கள். இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் போன தடம் வெள்ளை மேல் கறுப்புக் கோடாகத் தெரியும். கோட்டைப் பிடித்து மேலே போனால் ஊற்று கிடைத்துவிடும்.

பேக் கம்ப்ரஷன்

இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினில் எரிந்த காற்று பிஸ்டனைத் தாண்டிக் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். இதைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறோம். அதை வெளியேற்றும் குழாயான பிரீதர் ஹோஸ் அடைத்திருந்தால் அந்தக் காற்றுக்குப் போக வழி இல்லை. எந்த சீல் பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரை வைத்துப் பாருங்கள். நல்ல இன்ஜினில் கவர் லேசாக ஆடும், அல்லது உள்ளே இழுக்கும். பலூன்போல் உப்பினால் முதலில் பிரீதர் ஹோஸையும் அதன் வால்வையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். அதற்குப் பிறகும் உப்பினால், வண்டிக்காரரிடம் ரிங் வேலையைப் பற்றிப் பேசிவிடுவதே நேர்மை. புது சீல் போட்டாலும் அது அதிக நாள் தாங்காது.

எடுத்து வைக்க வேண்டியவை

வழக்கமான சாக்கெட், ரிங் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், ஜாக்கி, பலமான ஸ்டாண்டுகள். இதோடு ஒரு வெர்னியர், டயல் கேஜ், நேர்ச்சட்டம், ஃபீலர் கேஜ். துடைக்க பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் உதிரும், அந்த ஒரு நூல் உதட்டின் கீழ் மாட்டினால் அதுவே கசிவு. பழைய வெள்ளை வேட்டித் துணி இதற்கு மிக நல்லது. சுரண்டுவதற்கு மூங்கில் சிம்பு நாலைந்து சீவி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய், ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் அல்லது பிரேக் கிளீனர், 600 நம்பர் எமரி பேப்பர், நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. புது சீல், சீல் உட்காரும் கூடான ஹவுசிங்குக்குப் புது கேஸ்கெட், சம்ப்பை ஒட்ட சிலிகான் பசை. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் அனபாண்ட் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

சீல் வாங்கும்போது ரப்பர் வகையைக் கேளுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரி செல்சியஸ் வரைதான் நிம்மதியாக இருக்கும். விட்டான் என்று சொல்லப்படும் ஃபுளோரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். பழைய சீலைத் தொட்டால் கட்டைபோல் விறைத்து, உதட்டில் வெடிப்பு விழுந்திருந்தால் சூடுதான் அதைக் கொன்றது. கூடுதல் விலை கொடுத்து விட்டான் வாங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது.

ஃப்ளைவீல் வரை

இந்தப் பகுதி கிளட்ச் மாற்றத் தெரிந்தவர்களுக்குப் பழகியதுதான். பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. சம்ப்பைக் கழற்றப் போவதால் ஆயிலை இறக்கிவிடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் ஃபிளாஞ்ச் சேரும் இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கழற்றுங்கள். கியர் பாக்ஸின் பின் முனையிலிருந்து அதை உருவியதும் கியர் ஆயில் வரும், தட்டு வையுங்கள். கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் இணைப்பு, ரிவர்ஸ் லைட் வயர், செல்ஃப் மோட்டார் எல்லாம் விடுபட்ட பிறகு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்து, கியர் பாக்ஸை நேராகப் பின்னுக்கு இழுத்து இறக்குங்கள். முன் ஷாஃப்ட் கிளட்ச் ப்ளேட்டுக்குள் இருக்கும்போதே கியர் பாக்ஸைத் தொங்கவிட்டால் ப்ளேட் வளைந்துவிடும்.

பிரஷர் ப்ளேட் போல்ட்டுகளை எதிரெதிராக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இளக்குங்கள். கிளட்ச் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதவே கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலில் தங்கிவிடும். ஈரத் துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போடுங்கள்.

ஃப்ளைவீலுக்கும் கிராங்குக்கும் சேர்த்து ஒரு பஞ்ச் அடையாளம் அடித்துவிட்டுக் கழற்றுங்கள். சுற்றாமல் பிடிக்க ரிங் கியர் பல்லில் மாட்டும் பூட்டு கிடைக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். ஸ்க்ரூடிரைவரை அலுமினியத்தின் மேல் முட்டுக் கொடுத்துப் பிடித்ததில் வார்ப்பு உடைந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசி போல்ட்டை எடுக்கும்போது ஒரு கை ஃப்ளைவீலில் இருக்கட்டும். கனம்.

கழற்றுமுன் பார்த்து எழுத வேண்டியவை

இப்போது சீல் கண்ணுக்குத் தெரிகிறது. கை பரபரக்கும், பொறுங்கள். முதலில் எது நனைந்திருக்கிறது என்று பாருங்கள். சீல் உதட்டிலிருந்து கீழே நனைந்திருந்தால் சீல்தான். சீலின் வெளி விளிம்பில் நனைந்திருந்தால் ஹவுசிங் துளையில் குறை. ஹவுசிங் கேஸ்கெட் ஓரமாக நனைந்திருந்தால் சீல் மேல் பழி போட வேண்டியதில்லை. ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, ஹவுசிங்கின் முகத்திலிருந்து சீல் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரின் வால் முனையால் நான்கு இடத்தில் அளந்து எழுதுங்கள். நான்கும் ஒன்றாக இல்லையென்றால் முன்பு மாட்டியவர் சாய்த்து அடித்திருக்கிறார். அந்தச் சாய்வே கசிவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

மூன்றாவது, கிராங்கின் ஆட்டம். டயல் கேஜை வைத்துக் கிராங்கை முன்னும் பின்னும் நெம்பிப் பாருங்கள். சிறிய இன்ஜின்கள் பலவற்றில் 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர் வரை இருப்பது வழக்கம். உங்கள் இன்ஜினுக்கு மேனுவல் சொல்வதே கணக்கு. மேலும் கீழுமாகக் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடினால் உதடு கூடவே ஆடும், எந்த சீலும் அங்கே நிற்காது.

சீலைக் கழற்றுதல்

ஆம்னியின் 796 சிசி மூன்று சிலிண்டர் இன்ஜினில் பின் சீல், பிளாக்கின் பின்னால் போல்ட் போட்டுப் பிடித்திருக்கும் தனி ஹவுசிங்கில் உட்கார்ந்திருக்கும். இது பெரிய வசதி. ஹவுசிங்கோடு கழற்றி மேஜை மேல் வைத்துச் சீலைத் தட்டினால், கிராங்க் பக்கம் எந்தக் கருவியும் போகவே வேண்டாம். இப்படிக் கழற்ற வழி இருக்கும் எந்த இன்ஜினிலும் இதைத்தான் செய்யச் சொல்வேன். வேலை கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

ஹவுசிங்கின் அடி, சம்ப்போடு சேர்ந்திருக்கும். சம்ப் போல்ட்டுகள் கீழிருந்து ஹவுசிங்கில் ஏறியிருக்கும். பின்பக்கத்து இரண்டு போல்ட்டை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய கத்தியை விட்டு சிலிகானை அறுத்துப் பிரிப்பவர்கள் உண்டு. முடியும்தான். ஆனால் அந்த மூலையைப் பிறகு சுத்தமாகத் துடைத்து மறுபடி அடைப்பது கடினம். சீல் நன்றாக இருந்து மூலை கசிந்தால் யாருக்கும் பயன் இல்லை. நான் சம்ப்பையே இறக்கிவிடுகிறேன். அடியில் சேர்ந்திருக்கும் கசடையும், ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்ததும், இரும்பால் நெம்ப வேண்டாம். பிளாஸ்டிக் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டினால் கேஸ்கெட் விட்டுவிடும். நேராகப் பின்னுக்கு இழுங்கள். மேஜையில் இரண்டு மரக்கட்டை நடுவே, ஹவுசிங்கின் உடம்பு முழுவதும் தாங்கும்படி வைத்து, உள்பக்கத்திலிருந்து சீலைச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். ஒரே இடத்தில் அடித்தால் சீல் கோணி, அலுமினியத் துளையைச் சீவிவிடும்.

சீல் நேரடியாக பிளாக்கிலேயே உட்காரும் இன்ஜின்களில் வேறு வழி இல்லை, உள்ளே இருந்தபடியே எடுக்க வேண்டும். சீலின் இரும்பு வளையத்தில், எதிரெதிராக இரண்டு இடத்தில் 2 மில்லிமீட்டர் துளை போட்டு, தகட்டு ஸ்க்ரூவை இரண்டு மூன்று மரை மட்டும் ஏற்றி, பிளையரால் மாற்றி மாற்றி இழுப்பது வழக்கம். டிரில் பிட்டில் முனையிலிருந்து 3 மில்லிமீட்டர் விட்டு டேப் சுற்றிக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இறங்கக் கூடாது. பிட் நுனியில் கெட்டியாக கிரீஸ் தடவினால் சீவல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். டிரில்லை வெளி விளிம்புப் பக்கம் வைத்துப் போடுங்கள், ஷாஃப்ட் பக்கம் வேண்டாம். ஷாஃப்ட் மேல் பழைய எக்ஸ்ரே படத்தை பட்டையாக வெட்டிச் சுற்றிவிட்டால் கை தவறினாலும் கீறல் விழாது. கொக்கி போட்டு இழுப்பவர்களும் கொக்கிக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் இந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சீலைத் தூக்கி எறியாதீர்கள். புதியதை அடிக்கும்போது நடுவில் வைக்க உதவும். ஆனால் ஒருபோதும் நெருப்பில் போடாதீர்கள். விட்டான் ரப்பர் எரிந்தால் ஹைட்ரோ ஃபுளோரிக் அமிலம் உண்டாகும். தோலில் பட்டால் எலும்புவரை இறங்கும் விஷம் அது. தீப்பிடித்த இன்ஜினில் வேலை செய்ய நேர்ந்தால், கருகிப் பிசுபிசுப்பாக இருக்கும் சீலை வெறும் கையால் தொடக் கூடாது.

ஷாஃப்டைத் துடைத்தல்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஷாஃப்டைச் சுற்றி, பிளாக் பக்கம் இருக்கும் இடைவெளியில் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள். ஆயில் திரும்பும் வழி தெரிந்தால் அதையும் மூடுங்கள். இனி விழும் தூசி எதுவும் உள்ளே போகக் கூடாது. எமரித் தூள் மெயின் பேரிங்குக்குள் போனால், சீல் வேலை இன்ஜின் வேலையாக மாறிவிடும். எத்தனை துணி அடைத்தீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மண்ணெண்ணெய் நனைத்த வேட்டித் துணியைப் பட்டையாகக் கிழித்து, ஷாஃப்டைச் சுற்றிப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்கள். செருப்புக்கு பாலிஷ் போடுவதுபோல். கையால் அழுத்தித் தேய்த்தால் ஒரு பக்கம் அதிகமாகவும் ஒரு பக்கம் குறைவாகவும் போகும். ஆயிலும் மண்ணும் போனதும் சீல் உட்கார்ந்திருந்த இடம் வெளிப்படும். பழுப்பு நிறத்தில், வார்னிஷ் அடித்தாற்போல் ஒரு வளையம் இருக்கும். அது சூட்டில் கருகிய ஆயில். மூங்கில் சிம்பை மண்ணெண்ணெயில் நனைத்து, சுற்றுவட்டத்திலேயே ஓட்டிச் சுரண்டுங்கள். மூங்கில் இரும்பைவிட மென்மை. கருக்கை எடுக்கும், ஷாஃப்டைக் கீறாது. பிளேடு, ஸ்க்ரேப்பர், கம்பி பிரஷ், கிரைண்டரில் மாட்டும் உராய்வு வட்டு எதுவும் இங்கே வரவே கூடாது.

வளையம் போகவில்லை என்றால் மட்டும் 600 நம்பர் எமரி. அதைச் சுமார் 15 மில்லிமீட்டர் அகலப் பட்டையாக வெட்டி, இன்ஜின் ஆயிலில் நனைத்து, துணியை இழுத்த மாதிரியே சுற்றுவட்டத்தில் இழுங்கள். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை கிராங்கைக் கால் சுற்று திருப்புங்கள். இல்லையென்றால் மேல்பக்கம் மட்டும் தேயும். பட்டையைச் சாய்த்துப் பிடிக்காதீர்கள், திருகுக் கோடு விழும் என்று முன்பே சொன்னேன். நோக்கம் கருக்கையும் துருப் புள்ளியையும் எடுப்பது மட்டும்தான். ஷாஃப்டின் அளவு குறையும் அளவுக்குத் தேய்க்க வேண்டாம். ஷாஃப்டின் முனை விளிம்பையும் தடவிப் பாருங்கள். புது சீல் அதைத் தாண்டித்தான் ஏறும். அங்கே சின்ன முள் இருந்தாலும் உதடு கிழியும். அந்த முள்ளை மட்டும் நைஸான எண்ணெய்க் கல்லால் தட்டையாக்குங்கள்.

பிறகு மண்ணெண்ணெய் துணி, அப்புறம் ஆல்கஹால் துணி. கடைசியில் புதிய வெள்ளைத் துணியால் ஒரு சுற்று. துணியில் சாம்பல் கறை வந்தால் எமரித் தூள் இன்னும் இருக்கிறது. கறையே வராதவரை மறுபடி துடையுங்கள். நான் நான்கு ஐந்து துணியாவது மாற்றுவேன்.

இப்போது நகத்தால் பாருங்கள். கையுறையைக் கழற்றி, நகத்தை ஷாஃப்டின் நீளவாக்கில், முன்னிருந்து பின்னாக, முழுச் சுற்றிலும் இழுத்தால் சீல் போட்ட பள்ளம் தெரியும். அடுத்து நகத்தைச் சுற்றுவட்டத்தில் ஓட்டினால் குறுக்குக் கீறல்கள் தெரியும். என்னை அன்று பிடித்தது இந்த இரண்டாவது ஓட்டம்தான். டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கப் பிடித்தால் கண்ணுக்கும் தெரியும்.

நகம் மாட்டினால்

பளபளப்பான கோடாகத் தெரிந்து, நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் கவலை இல்லை. நகம் மாட்டுகிற வளையப் பள்ளம் இருந்தால் மூன்று வழி.

செலவில்லாதது, புது சீலைப் பழைய இடத்திலிருந்து 1 அல்லது 2 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைப்பது. உதடு தேயாத இடத்தில் உட்காரும். ஹவுசிங் துளையில் அந்த அளவு ஆழம் இருக்க வேண்டும். உள்ளே தள்ளும்போது ஆயில் திரும்பும் ஓட்டையை சீல் மறைத்துவிடக் கூடாது. நீங்கள் எழுதி வைத்த அளவு இப்போதுதான் உதவும்.

இரண்டாவது, ஷாஃப்ட் மேல் ஏறும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ். எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் பலருக்குத் தெரிந்திருக்கும். சுவர்த் தடிமன் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் என்பதால் அதே அளவு சீலையே போடலாம். பள்ளம் ஆழமாக இருந்தால் அதை முதலில் உலோகப் பசையால் நிரப்பி, காய்வதற்குள் ஸ்லீவை ஏற்ற வேண்டும். ஷாஃப்ட் அளவை மைக்ரோமீட்டரில், தேயாத இடத்தில் எடுத்துத்தான் வாங்க வேண்டும்.

மூன்றாவது, கிராங்கைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோவது. இன்ஜின் எப்படியும் பிரிக்கப் போகிறது என்றால் மட்டும்.

நீளவாக்கில் கீறல் இருந்தால், சீலைத் தள்ளி வைப்பது உதவாமல் போகலாம். கீறல் புது இடத்தையும் கடந்து ஓடியிருக்கும். அந்த ஆம்னிக்குக் கடைசியில் ஸ்லீவ்தான் போட்டோம். அதற்குப் பிறகு அது கசிவுக்காக வரவில்லை.

ஹவுசிங்கும் பிளாக் முகமும்

ஹவுசிங் அலுமினியம். ஷாஃப்டைவிட எளிதில் கீறும். ஒட்டிய கேஸ்கெட்டின் மேல் தின்னர் நனைத்த துணியைப் போட்டு இருபது நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மூங்கில் சிம்பு, அல்லது பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர். அவசரப்பட்டு இரும்பு உளியை நிறுத்திச் செதுக்கினால் விழும் குழியில் கேஸ்கெட் உட்காராது. சீல் உட்காரும் துளையில் விரலை ஓட்டி, சீவிய தடம், முள் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே நுழையும் சரிவு விளிம்பு சுத்தமாக இருக்க வேண்டும். பிறகு நேர்ச்சட்டத்தை முகத்தின் மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, 0.05 மில்லிமீட்டர் ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹவுசிங் வளைந்திருக்கிறது.

பிளாக் முகத்தையும் அதே பொறுமையோடு. போல்ட் ஓட்டைகளில் ஆயில் தேங்கியிருக்கும். அடி மூடிய ஓட்டையில் ஆயிலோடு போல்ட்டை இறுக்கினால், ஆயில் அமுங்காது, வார்ப்பு வெடித்துவிடும். துணியைத் திரியாக முறுக்கி உள்ளே விட்டு உறிஞ்சி எடுங்கள். இருப்பிட ஊசிகள் இரண்டும் இருக்கிறதா, ஹவுசிங்கோடு கழன்று வந்துவிட்டதா என்று பாருங்கள். ஊசி இல்லாமல் ஹவுசிங்கை மாட்டினால் சீல் ஷாஃப்டுக்கு மையத்தில் நிற்காது. எல்லாம் முடிந்ததும் அடைத்த துணிகளை எண்ணி எடுங்கள். கடைசியாக ஆல்கஹாலால் துடைத்த முகத்தை விரலால் தொடாதீர்கள், கை எண்ணெய் போதும் சிலிகான் ஒட்டாமல் போக.

புது சீல்

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலைப் பார்த்து, அதாவது இன்ஜின் உள்பக்கம். ரப்பர் உதடு என்றால் உதட்டில் சுத்தமான இன்ஜின் ஆயில் தடவுங்கள். காய்ந்த உதடு முதல் நிமிடத்திலேயே கருகும். டெஃப்லான் உதடு சீல் இதற்கு நேர் எதிர். ஸ்பிரிங் இல்லாமல், அகலமான வழுக்கும் உதட்டோடு, ஒரு பிளாஸ்டிக் வளையத்தின் மேல் ஏற்றப்பட்டு வரும். அதற்கு உதட்டிலும் ஷாஃப்டிலும் ஆயிலே படக் கூடாது. காய்ந்த நிலையில்தான் மாட்ட வேண்டும். பெட்டியில் இருக்கும் தாளைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

சீலை ஹவுசிங்கில், மேலே பழைய சீலையும் அதன் மேல் தட்டையான மரக்கட்டையையும் வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். நான்கு இடத்தில் வெர்னியரால் அளந்து, நான்கும் ஒன்றாக வரும்வரை சரிசெய்யுங்கள். புது கேஸ்கெட் வைத்து, ஷாஃப்ட் முனையில் எக்ஸ்ரே படத்தைக் குழாய்போல் சுருட்டி மாட்டி, ஹவுசிங்கை அதன் மேல் வழுக்கி ஏற்றுங்கள். ஏறியதும் படத்தை உருவிவிட்டு, உதடு எங்கும் மடங்கவில்லை என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும், குறுக்காக இறுக்குங்கள். கேஸ்கெட்டின் அடி ஓரம் சம்ப் முகத்துக்கு வெளியே நீட்டியிருந்தால் கூர்மையான கத்தியால் சமமாக வெட்டிவிடுங்கள். இந்த நீட்டலை விட்டுவிட்டுச் சம்ப்பை மாட்டினால் மூலை கசியும். சம்ப்புக்கு சிலிகானை 3 மில்லிமீட்டர் தடிமனில், போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாக, அறுபடாமல் ஒரே கோடாக விடுங்கள்.

கட்டி ஓட்டிப் பார்த்தல்

ஃப்ளைவீலை அடையாளம் பார்த்து மாட்டி, மேனுவல் சொல்லும் டார்க்கில் குறுக்காக இறுக்குங்கள். போல்ட் ஓட்டை கிராங்க் கேஸுக்குள் திறக்கும் இன்ஜினில் மரைக்கு சீலன்ட் போட மறக்க வேண்டாம். ஃப்ளைவீல் முகத்தையும் பிரஷர் ப்ளேட் முகத்தையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். கிளட்ச் ப்ளேட்டில் ஆயில் ஊறியிருந்தால் அதைக் கழுவிப் போடுவதில் பயனில்லை, சூடானதும் மறுபடி ஊறி வழுக்கும். கியர் பாக்ஸ் வெளியே இருக்கும்போதே அதன் முன் சீலையும், ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் ஆயிலை அளவு பார்த்து நிரப்புங்கள்.

சிலிகான் காய டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் விட்ட பிறகு, ஆயில் ஊற்றி, ஐடிலில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். உடனே ஆக்ஸிலரேட்டரை அமுக்காதீர்கள். உதடு ஷாஃப்டோடு படிந்துகொள்ள அவகாசம் வேண்டும். பெல் ஹவுசிங் அடியைத் துடைத்துப் பவுடர் தூவி வண்டியைக் கொடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு திரும்பக் கொண்டுவரச் சொல்லிப் பாருங்கள். கழற்றும்போது இடுக்கில் தங்கிய பழைய ஆயில் சூட்டில் இறங்கி, முதல் முறை பவுடர் லேசாக நனைந்திருக்கலாம். துடைத்து மறுபடி தூவி, இன்னொரு 100 கிலோமீட்டர். இரண்டாம் முறையும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் வேலை முடிந்தது.